டிரைவர் பக்கத்துக் கண்ணாடி

வாடிப்பட்டி
24.10.2024

நலமா என்று கேட்க மாட்டேன். வேளாவேளைக்குச் சோறு போடுகிறார்கள், ஊசி போடுகிறார்கள் என்று இல்லத்து ஆபீஸில் இருக்கும் சார் சொன்னார். மூன்று மாதம் முடிகிறவரை உங்கள் கையில் போனைக் கொடுக்க மாட்டார்களாம். "எழுதிப் போடுங்கம்மா, அவர்ட்ட குடுத்துர்றோம்" என்றார். அதனால்தான் இந்தக் கடிதம்.

வண்டி விஷயம். டிரைவர் பக்கத்துக் கண்ணாடி கீழே இறங்கி, ஏற மாட்டேன் என்கிறது. பேட்டரி செத்துவிடக் கூடாது என்று தம்பி அழகுராஜா ஞாயிறுதோறும் வண்டியைக் கிளப்பிப் பார்ப்பான். போன வாரம் சுவிட்சை அழுத்தினான். இறங்கிவிட்டது. உள்ளே கரகரவென்று ஒரு சத்தம், அப்புறம் அதுவும் இல்லை. தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறோம். ஐப்பசி மழை தார்ப்பாய்க்கா அடங்கும்? சீட்டு நனைந்து நாற ஆரம்பித்துவிட்டது.

கார்த்திகையில் ஒரு கல்யாணத்துக்கு வண்டி கேட்டிருக்கிறார்கள். நான் ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிற சோழவந்தான் அக்காவின் மகளுக்கு. பெண்ணும் மாப்பிள்ளையும் அந்தச் சிவப்பு வண்டியில்தான் மண்டபத்துக்கு வர வேண்டுமாம். நீங்கள் ஓட்டப் போவதில்லை, தம்பி ஓட்டுவான் என்று தெரிந்த பிறகுதான் முன்பணம் தந்தார்கள்.

இங்கே இருக்கிற மெக்கானிக், "இந்த ரெண்டு கதவு வண்டிய நான் தொட்டதே இல்லக்கா, அண்ணன்ட்டயே கேளுங்க" என்று ஒதுங்கிவிட்டார். மதுரையில் உங்கள் சேக்காளி பீர் முகமது பாய் மகள் பிரசவத்துக்குத் திருச்சி போயிருக்கிறார். நீங்கள் வாங்கிப் போட்டிருந்த புது மோட்டார் பரணில் கிடக்கிறது. அதை எப்படி மாட்டுவது என்று எழுதுங்கள். தம்பி மாட்டுவான். மில்லில் மிஷின் பார்க்கிறவனுக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியும்.

அவன்மேல் உங்களுக்குக் கோபம் இருக்கும். வேனில் ஏற்றும்போது நீங்கள் கத்தியதைத் தெருவே கேட்டது. உங்களைத் தூக்கிப் போகச் சொன்னது நான். அவன் இல்லை.

முனீஸ்வரி


மறுவாழ்வு இல்லம்
29.10.2024

முனீசு,

தேதியைப் பக்கத்துக் கட்டில்காரரிடம் கேட்டு எழுதினேன். இங்கே எல்லா நாளும் ஒரே நாள்தான்.

உன் கடிதத்தை வாங்கியதும் கை நடுங்கியது. குடி நடுக்கம் என்று நினைக்காதே, அது ஓரளவு நின்றுவிட்டது. எடுத்த எடுப்பில் "நலமா என்று கேட்க மாட்டேன்" என்கிறாய். கேட்காதே. என் மேல்துண்டை உருவி அதாலேயே என் கையைக் கட்டினான் உன் தம்பி. மச்சான் மச்சான் என்று என் தட்டில் சாப்பிட்டவன். ஆடு மாதிரி என்னை வேனில் தள்ளியபோது நீ வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாய். அதை நான் மறக்கவில்லை. மறக்கவும் மாட்டேன்.

சரி, வண்டிக்கு வருவோம். வண்டி என்ன பாவம் செய்தது?

கொடைக்கானல் எஸ்டேட்டில் அதை முதன்முதலாகப் பார்த்தேனே, சொல்லியிருக்கிறேனா? கோழி அடைந்து கிடந்தது உள்ளே. ஜப்பான்காரன் கட்டிய ஸ்போர்ட்ஸ் கார், கோழிக்கூண்டாகக் கிடந்தது. மலையிறங்கி வத்தலக்குண்டு வந்து சேர்வதற்குள் அது என்னோடு பேச ஆரம்பித்துவிட்டது. இப்போது நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் அதன் ஒவ்வொரு போல்ட்டும் எங்கே இருக்கிறது என்று சொல்வேன்.

அழகுராஜாவை வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்தச் சொல். கதவின் உள்அட்டையில் கைப்பிடிக் குழிக்குள் ஒரு ஸ்க்ரூ, கீழ்விளிம்பில் இரண்டு. அதைக் கழற்றிவிட்டு அட்டையைச் சுற்றி மெதுவாக நெம்ப வேண்டும். ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், பழைய பிளாஸ்டிக், கிளிப்பு பொட்டென்று போய்விடும். தோசை திருப்புகிற மரக்கரண்டி போதும். உள்ளே ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். கிழிக்காமல் உரிக்கட்டும்.

கண்ணாடியைத் தூக்கி இறக்குகிற இரும்புக் கைக்கு ரெகுலேட்டர் என்று பெயர். அதோடு கண்ணாடியைப் பிடித்திருக்கிற இரண்டு போல்ட்டைக் கழற்றிவிட்டு, கண்ணாடியைக் கையால் மேலே ஏற்றி டேப் ஒட்டி நிறுத்த வேண்டும். பிறகு ரெகுலேட்டரை மோட்டாரோடு சேர்த்து அடிப்பக்கம் வழியாக வெளியே உருவு. மோட்டாரைப் பிடித்திருப்பது மூன்று போல்ட். மூன்றையும் கழற்று, பழையதை எடு, புதியதை வை, முடுக்கு. அவ்வளவுதான். அரை நாள் வேலை.

கட்டுகிற கைக்குக் கழற்றவும் தெரியட்டும்.

சிவபாண்டி


வாடிப்பட்டி
12.11.2024

உங்கள் கடிதம் தீபாவளிக்கு மறுநாள் வந்தது. அடுத்த ஞாயிறு காலையில் தம்பி வேலையை ஆரம்பித்தான். வேப்பமரத்தை வெட்டி இரண்டு வருடம் ஆகிறது. நீங்களே கூட நின்று வெட்டியது. "மச்சான் கிண்டல் பண்றாரு" என்று சிரித்துக்கொண்டே கொட்டகைக்குள் வைத்துப் பிரித்தான்.

நீங்கள் எழுதிய மாதிரியே ஒவ்வொன்றாகச் செய்தான். கடிதத்தை டேஷ்போர்டில் வைத்து வரிவரியாகப் படித்துக்கொண்டு செய்தான். மரக்கரண்டிகூட வாங்கிப் போனான். ரெகுலேட்டரை வெளியே எடுத்து, தரையில் சாக்கு விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். "அக்கா, டீ போடு, முடியப் போவுது" என்றான். நான் அடுப்படிக்குப் போனேன்.

டமார் என்று கேட்டது. தீபாவளிக்கு மிஞ்சின வெடியை யாரோ போடுகிறார்கள் என்று நினைத்து, பால் பொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் கத்தவில்லை. நான் டீயை எடுத்துக்கொண்டு போனபோது கையைக் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தான்.

மூன்றாவது போல்ட் வெளியே வந்ததும் அந்த இரும்புக் கை சுழன்று அடித்திருக்கிறது. வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. பெரியாஸ்பத்திரியில் டாக்டர்கள் ராத்திரி வரைக்கும் பார்த்தார்கள். ஒட்ட வைக்க முடியாத அளவுக்கு நசுங்கியிருந்ததாம். நூல் அறுந்தால் முடிச்சுப் போடுகிற வேலை அவனுடையது. எந்த விரலால் போடுவான்?

பீர் பாய் திருச்சியிலிருந்து வந்ததும் ஆஸ்பத்திரிக்கு வந்தார். பிறகு வீட்டுக்கு வந்து கொட்டகையில் கிடந்ததைப் பார்த்தார். அப்புறம் சொன்னார்:

"உள்ள ஸ்பிரிங் முறுக்கிக்கிட்டு நிக்கும் தங்கச்சி. கண்ணாடி கீழ கெடந்தா அம்புட்டு முறுக்கும் அதுக்குள்ளதான் இருக்கும். பல்லுத் தகட்டுல ஒரு போல்ட்டக் குடுத்துப் பூட்டிட்டுத்தான் மோட்டார்ல கையவே வைக்கணும். இல்லேன்னா கைய வாங்கிரும். எனக்கு இதச் சொல்லிக் குடுத்ததே சிவபாண்டிதான்."

உங்கள் கடிதத்தை அவரிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "அல்லாதான் அறிவான்" என்றார்.

வேனில் ஏறும்போது நீங்கள் என்ன கத்தினீர்கள் என்று தெருவுக்கே ஞாபகம் இருக்கிறது. "எந்தக் கைடா என்னயக் கட்டுச்சு? அந்தக் கை வெளங்காமப் போகும்டா!" கடிதத்தின் கடைசியிலும் கட்டுகிற கை, கழற்றுகிற கை என்று எழுதியிருக்கிறீர்கள். தம்பி பெண்டாட்டி மீனா ஆஸ்பத்திரி வராண்டாவில் என்னைப் பார்த்து, "ஒங்க புருசன் எழுதியே கைய வெட்டிட்டாருல்ல?" என்று கேட்டாள்.

ஒன்று மட்டும் எழுதுங்கள். தெரிந்தேதான் விட்டீர்களா?

முனீஸ்வரி


மறுவாழ்வு இல்லம்
16.11.2024

முனீசு,

உன் கடிதத்தைப் படித்தேன். அந்தப் பையனை டிராயர் போட்ட வயசிலிருந்து எனக்குத் தெரியும். நம் கல்யாணத்தில் எனக்கு மெட்டி எடுத்துக் கொடுக்க அவன்தான் உட்கார்ந்திருந்தான். அவன் கையை நான் வாங்குவேனா?

நான் எழுதினேன். சத்தியமாக எழுதினேன். பல் தகட்டில் போல்ட் போட்டுப் பூட்டு என்று எழுதி அதற்குக் கீழே கோடுகூடப் போட்டேன். எழுதும்போது என் பேனா எங்கே நின்றது என்பதுவரை எனக்கு ஞாபகம் இருக்கிறது. நீங்கள் படிக்கிற அவசரத்தில் அந்த வரியைத் தாண்டிப் போயிருப்பீர்கள். பீர் முகமதுவுக்குக் கண் சரியில்லை, கண்ணாடி போடாமல் படித்திருப்பான். கடிதத்தை மறுபடி எடுத்துப் பார். ஒருத்தன் குடிகாரன் என்றால் அவன் செய்யாததும் அவன் தலையிலா?

கத்தினேன்தான். கட்டிப் போட்டால் நாய்கூடக் கத்தும். அதை வைத்து என்னைக் கொலைகாரன் ஆக்காதே.

தம்பிக்கு நல்ல டாக்டராகப் பார். என் மோதிரம் பீரோவில் இருந்தால் எடுத்துக்கொள்.

அந்த அடியில் கண்ணாடி உடைந்துவிடவில்லையே? அது போனால் இந்தியாவிலேயே கிடைக்காது.

சிவபாண்டி


வாடிப்பட்டி
21.11.2024

கண்ணாடி உடையவில்லை.

உங்கள் கடிதத்தை ஜெராக்ஸ் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். நீங்களே படித்துப் பாருங்கள். போல்ட் போட்டுப் பூட்டு என்று எந்த வரியில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டுங்கள். கோடு போட்ட வரி ஒன்றுகூட இல்லை. அசல் இப்போது போலீஸ் ஸ்டேஷனில் இருக்கிறது. மீனாவின் அண்ணன்மார் பேரையூரிலிருந்து வந்து புகார் கொடுத்திருக்கிறார்கள். என்னிடம் கேட்டார்கள், கொடுத்தேன்.

மோதிரத்தை நீங்கள் போன வருடமே விற்றுக் குடித்தாயிற்று.

தம்பிக்கு விரல் போனதை எழுதிய கடிதத்துக்குப் பதில் எழுதும்போது கண்ணாடியைக் கேட்கத் தோன்றியது பாருங்கள். அதற்கு மேல் எனக்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை. இனி எழுத மாட்டேன்.

முனீஸ்வரி


மறுவாழ்வு இல்லம்
2.12.2024

முனீசு,

நீ எழுத மாட்டாய் என்று தெரியும். நான் எழுதுகிறேன்.

ஜெராக்ஸைப் படித்தேன். அது என் கையெழுத்துதான். அந்த வரி இல்லை. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பக்கத்துக் கட்டில்காரரிடம் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். இல்லை. ஆனால் கோடு போட்டது எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது முனீசு. நடக்காத ஒன்று எப்படிக் கண்ணில் நிற்கும்?

எஸ்.ஐ. வந்து விசாரித்தார். மரியாதையாகத்தான் பேசினார். "வேணும்னே விட்டீங்களா, மறந்து விட்டீங்களா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை சார் என்றேன். நடிக்கிறேன் என்று நினைத்திருப்பார். எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. அன்றைக்குக் கோபம் இருந்தது. அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. கோபத்தில் மறைத்தேனா, மண்டையில் இல்லாமல் போனதா என்று உள்ளே போய்த் தேடிப் பார்த்தால் அங்கே ஒன்றுமே இல்லை. நான் அப்படிப்பட்டவன் இல்லை என்று அடித்துச் சொல்லத்தான் ஆசை. எந்த வாயால் சொல்வேன்?

வியாழக்கிழமைதோறும் வருகிற டாக்டர் என்னிடம் ஒவ்வொரு தடவையும் ஒரு கதை சொல்லி, பத்து நிமிடம் கழித்துத் திருப்பிக் கேட்கிறார். கதை என்று ஒன்று சொன்னாரா என்பதே எனக்குத் தெரிவதில்லை. இத்தனை வருடக் குடி மூளையில் ஓர் இடத்தை அரித்துவிட்டதாம். பழசு இருக்குமாம், புதுசு தங்காதாம். பழசிலும் அங்கங்கே ஓட்டை விழுமாம். அந்த ஓட்டையை மூளை தானாகவே எதையாவது வைத்து அடைத்துக்கொள்ளுமாம். இதையெல்லாம் டாக்டர் சொல்லச் சொல்லக் காகிதத்தில் எழுதி வைத்துப் பார்த்து எழுதுகிறேன்.

கண்ணாடியைப் பற்றிக் கேட்டேனாமே. உன் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். செருப்பால் அடித்திருக்க வேண்டும் என்னை.

தம்பியிடம் சொல். அவன் எதில் கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன். ஜெயிலுக்குப் போகச் சொன்னாலும் போகிறேன். நீயே முடிவு செய்து சொல், நான் தெரிந்து செய்தேனா இல்லையா என்று. நீ சொல்வதை நான் நம்புகிறேன். எனக்கு வேறு சாட்சி இல்லை.

சிவபாண்டி


மறுவாழ்வு இல்லம்
14.12.2024

அன்புள்ள முனீசுக்கு,

இங்கே நான் சௌக்கியம். அங்கே நீயும், மாப்ள அழகுராஜாவும், மீனாவும் சௌக்கியமா? இந்த இல்லம் நல்ல இடம். காலையில் கிச்சடி போட்டார்கள். என்னை இங்கே கொண்டுவந்து விட்டதற்கு உனக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும். நானாக வந்திருக்க மாட்டேன். எப்படி வந்தேன் என்றே ஞாபகம் இல்லை. நீதானே கூட்டி வந்தாய்?

என் தலையணைக்கடியில் உன் கடிதம் ஒன்று இருந்தது. இன்றுதான் பார்த்தேன். டிரைவர் பக்கத்துக் கண்ணாடி இறங்கிவிட்டது என்று எழுதியிருக்கிறாய். மழைக் காலம், சீட்டு நனைந்துவிடும். உடனே பார்த்துவிடு. மாப்ளயைப் பார்க்கச் சொல். அவனைவிட நிதானமான கை நம் வீட்டில் யாருக்கு இருக்கிறது? வேப்பமர நிழலில் நிறுத்தி, முதலில் உள்அட்டையில் மூன்று ஸ்க்ரூ. பிறகு மரக்கரண்டியால் நெம்பணும். கண்ணாடியை மேலே ஏற்றி டேப் ஒட்டணும். ரெகுலேட்டரை வெளியே எடுத்து மோட்டாரின் மூன்று போல்ட்டையும் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்தினால் வேலை முடிந்தது. அரை நாள் ஆகும். அவனுக்கு மத்தியானம் கறிச்சோறு ஆக்கிப் போடு. என் பேரில் போடு.

கொடைக்கானலில் இந்த வண்டியை முதன்முதலாகப் பார்த்த கதையை உன்னிடம் சொல்லியிருக்கிறேனா? உள்ளே கோழி அடைந்து கிடந்தது.

மாப்ளயை ஒரு நாள் கூட்டிக்கொண்டு வா. பார்க்கணும் போல் இருக்கிறது.

அன்புடன்
சிவபாண்டி


வாடிப்பட்டி
19.12.2024

உங்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. தம்பி வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய் அவனுக்கும் மீனாவுக்கும் படித்துக் காட்டினேன். கறிச்சோறு என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். மீனா வாங்கி மிச்சத்தைப் படித்தாள். தம்பி இன்னொரு தடவை முதலிலிருந்து படிக்கச் சொன்னான். படித்து முடித்ததும், "அவருக்கு ஞாபகமே இல்லக்கா, உள்ள ஒண்ணுமே இல்ல" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான். மறுநாள் மீனா தன் அண்ணன்மாரை வரச் சொல்லி ஸ்டேஷனுக்குப் போனாள். அங்கே ஒரு வேலை பாக்கி இருந்தது. அவர்கள் எழுதிக் கொடுத்திருந்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தாள். நீங்கள் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

டாக்டரிடம் போனில் பேசினேன். ஊசியும் மாத்திரையும் இனி வீட்டில் வைத்தே கொடுக்கலாமாம். கூட ஆள் இருந்துகொண்டே இருக்க வேண்டுமாம். தையல் மிஷினை நடுக்கூடத்துக்கு மாற்றியிருக்கிறேன். அங்கிருந்து பார்த்தால் வாசலும் தெரியும், கொல்லையும் தெரியும்.

இரண்டு மாதமாக உங்கள்மேல் கோபத்தில் இருந்தேன். அந்தக் கோபத்தோடு காலையில் எழுந்துகொள்வது எனக்குச் சுலபமாக இருந்தது. இப்போது எழுந்ததும் என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் பாயிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

வண்டிக் கண்ணாடியைப் பீர் பாய் வந்து சரிசெய்துவிட்டார். ஏறுகிறது, இறங்குகிறது. நீங்கள் ஒன்றும் எழுத வேண்டியதில்லை. யாருக்கும் அதைக் கழற்றச் சொல்லி எழுத வேண்டாம். சாவி என்னிடம் இருக்கும்.

என்னுடைய பழைய கடிதங்கள் உங்களிடம் இருந்தால் எல்லாவற்றையும் ஆபீஸ் சாரிடம் கொடுத்துவிடுங்கள். எடுத்துப் படிக்க வேண்டாம். அவரிடம் நான் சொல்லியிருக்கிறேன். இந்த ஒன்றை மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்களைக் கூட்டிப்போக வருகிறேன். பீர் பாய் அவருடைய வேனில் கூட்டி வருகிறார். தம்பியும் வருகிறான். நான்தான் வேண்டாம் என்றேன். "மச்சான் பாக்கணும்னு எழுதியிருக்காருல்ல, வாரேன்" என்றான்.

அவன் வலது கையில் இரண்டு விரல் இருக்காது. பார்த்ததும் பதற வேண்டாம். மில்லில் மிஷினுக்குள் கை மாட்டிக்கொண்டது. அவன் கவனக்குறைவுதான், வேறு யாரும் காரணம் இல்லை. காயம் ஆறிவிட்டது. நீங்கள் கேட்டால் அவனே சொல்வான். மறுபடி கேட்டால் மறுபடியும் சொல்வான்.

முனீஸ்வரி